துண்டு போன வழி

அவருகிட்டப் போய் ஒரு பொருள் தொலைஞ்சுபோச்சுன்னு மட்டும் சொல்லிடக் கூடாது. சொன்னா அன்னிக்கு நம்ம பாடு திண்டாட்டம்தான். "தொலையலம்மா. வேற எடத்துல இருக்கு. எந்த எடம்னு நமக்குத் தெரியல, அவ்வளவுதான்"னு சொல்லிட்டு, மூக்குக்கண்ணாடிய நெத்திக்கு ஏத்திக்கிட்டு நம்மளையே பாப்பாரு. ஒரு பேனா மூடிக்கும் இதே பேச்சுதான். கடைசியா எப்பப் பாத்த, கையில வேற என்ன வச்சிருந்த, யாரு கூப்பிட்டாங்க, எந்தப் பக்கம் திரும்பின? மூடி கெடைச்சிரும், இல்லேங்கல. ஆனா கெடைக்கிறதுக்குள்ள நமக்கு அந்தப் பேனாவே வேணாம்னு ஆயிரும்.

திருநள்ளாறுல நாங்க வேலை பாத்த லாட்ஜுக்கு அவருதான் மேனேஜரு. நான் துணி ரூம் பொறுப்பு. பெட்ஷீட்டு, தலகாணி உறை, துண்டு எல்லாம் என் கையாலதான் மாடிக்குப் போகும், அழுக்கா என்கிட்டதான் திரும்பி வரும். எனக்கு வீடு தருமபுரம். அவருக்குக் காரைக்கால் டவுனுக்குள்ள, மாதா கோயிலுக்குப் பின்னாடித் தெரு. காலையில ரெண்டு பேருக்கும் ஒரே பஸ்ஸு. ஏறுறதுக்கு முன்னாடி சட்டைப் பையத் தொடுவாரு, அப்பறம் இடுப்புச் சாவி, அப்பறம் கண்ணாடி, கடைசியா கழுத்துல கெடக்குற ஜெபமாலை. எறங்கினதும் மறுபடி அதே வரிசை. ஒரு நாள் கண்டக்டரு, "என்ன சார், எல்லாம் இருக்கா? நான் ஒண்ணும் எடுக்கல சாமி"ன்னு கிண்டல் பண்ணினாரு. பஸ்ஸே சிரிச்சுது. இவரு சிரிக்கல. "இருக்குங்க"ன்னு பதில் சொன்னாரு. கேள்வி கேட்டா பதில் சொல்லணும், அவருக்குத் தெரிஞ்சது அதுதான்.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு வேலை அமைஞ்ச ஊரப் பாருங்க! ஜனங்க எங்கெங்கேருந்தோ திருநள்ளாறுக்கு வர்றதே விட்டுட்டுப் போறதுக்குத்தான். எண்ணெய் தேச்சு, குளத்துல முங்கி எந்திரிச்சு, கட்டியிருந்த துணிய அங்கேயே விட்டுட்டு, திரும்பிப் பாக்காம வந்துரணும். புடிச்ச பீடை துணியோட போயிரும். இப்பல்லாம் தண்ணியில விடாதீங்கன்னு சொல்லி கரையில தொட்டி வச்சிருக்காங்க. சட்டை, வேட்டி, சுடிதாரு, உள்பாவாடைன்னு ஈரத்தோட குவிஞ்சு கெடக்கும். நாங்கல்லாம் அதக் காலாலகூடத் தொட மாட்டோம். அடுத்தவங்க கிரகத்த எவ வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போவா? ஒரு வண்டி வரும், அள்ளிக்கிட்டுப் போயிரும். எங்க போவுதுன்னு யாரும் கேட்டதில்ல.

அவரு கேப்பாரு. "இவ்வளவும் எங்கம்மா போவுது?"

"போனாப் போவுது சார், உங்களுக்கு எதுக்கு? நீங்களும் ஒரு முங்கு போட்டுட்டு வாங்க."

"எனக்குச் சனி கெடையாதும்மா. ஞாயிறு மட்டுந்தான்."

அவரு வாழ்க்கையில சொன்ன ஒரே ஜோக்கு அதுதான்னு நெனைக்கிறேன். அதையும் மூஞ்ச உர்ருன்னு வச்சுக்கிட்டுத்தான் சொன்னாரு.

லாட்ஜுல துண்டு கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. சனிக்கிழமை ஆனா போதும், மேல போற துண்டுல பாதிதான் கீழ வரும். எங்களுக்குத் தெரியாதா என்ன? ரூம்ல இருக்கிறவங்க விடியக்காலையில லாட்ஜுத் துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு, தலை நெறைய நல்லெண்ணெயோட குளத்துக்குப் போறாங்க. அங்க யாராவது, "கட்டியிருக்கிறத விட்டுட்டுப் போங்க, திரும்பிப் பாக்காதீங்க"ன்னு சொன்னா விட்டுட்டு வந்துர்றாங்க. இத நான் எங்க முதலாளிகிட்டச் சொன்னேன். அவரு நாற்காலியில சாஞ்சுக்கிட்டு ஒரு சாஸ்திரம் பேசினாரு பாருங்க.

"ஏம்மா, பீடை போவணும்னு அவ்வளவு தூரத்துலேருந்து வர்றவன், வாடகைத் துண்டுலயா விடுவான்? தன் துணியில விட்டாத்தானே தன்னோடது போவும்? என் பேரு போட்ட துண்ட விட்டா யாரோடது போவும்? யோசிச்சுப் பேசு."

துண்டு மூலையில நீல நூல்ல முதலாளி பேருதான் இருக்கும். லாட்ஜுக்கும் அதே பேருதான். அவருக்கு அவரு பேரு மேல அவ்வளவு ஆசை.

"அப்ப யாரு எடுக்குறா?"ன்னு கேட்டுட்டு அவரு செல்வியப் பாத்தாரு.

செல்வி ரூம் கூட்டித் தொடைக்கிறவ. அம்பகரத்தூர்க்காரி. ஒரு வார்த்தை அதிர்ந்து பேச மாட்டா. வர்ற பொங்கலுக்குள்ள துண்டு காணாமப் போறது நிக்கலேன்னா, அவளையும் என்னையும் மத்த பொம்பளைங்களையும் வீட்டுக்கு அனுப்பிட்டு, வெளியூரு கம்பெனிகிட்ட வேலையக் குடுத்துருவேன்னாரு முதலாளி. செல்வி துணி ரூம்ல வந்து உக்காந்து அழுதா. "வேலை போனாக்கூடப் பரவால்லக்கா. துண்டு திருடினவன்னு பேரு வாங்கிக்கிட்டு ஊருல எப்படிக்கா நடமாடுறது? நாளைக்கு எம் பொண்ண எவன் கட்டுவான்?" அந்த ஆளோட வாடகைத் துண்டத் திருடித்தான் நாங்க கட்டணுமா?

அப்பத்தான் நம்ம மனுஷன் வாயத் தொறந்தாரு. முதலாளி முன்னாடி சட்டமா நின்னு, "எந்தத் துண்டும் தொலையலங்க. வேற எடத்துல இருக்கு. எந்த எடம்னு நான் காட்டுறேன். காட்டலேன்னா இவங்களோட சேத்து என்னையும் அனுப்பிடுங்க"ன்னாரு. யாருய்யா உன்னக் கேட்டான்னுதான் எனக்குத் தோணுச்சு. ஆனா செல்வி அன்னிக்கு அழுகைய நிறுத்தினா.

பட்டணத்துல ஏதோ ஒரு பெரிய ஆஸ்பத்திரியோட சலவைக் கூடத்துல அவரு இதுக்கு ஒரு வழிய முன்னாடியே பாத்திருந்தாராம். சுண்டுவிரல் அகலத்துல ஒரு சின்னப் பட்டை, டேக். துண்டு ஓரத்துல மடிச்சு வச்சுத் தச்சுட்டா கண்ணுக்கே தெரியாது. தொவைக்கலாம், இஸ்திரி போடலாம், ஒண்ணும் ஆவாது. ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு நம்பரு. துப்பாக்கி மாதிரி ஒரு ரீடர் இருக்கு. அத நீட்டினா ரேடியோ அலையில அந்த நம்பரப் புடிச்சு கீங்குன்னு கத்தும். மூட்டையப் பிரிக்க வேணாம், ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாக்க வேணாம். எட்ட நின்னு நீட்டினாலே உள்ள எந்தெந்தத் துண்டு இருக்குன்னு சொல்லிரும். வாசல்ல நிறுத்துற பெரிய மிஷினும் உண்டாம், அதுக்கு முதலாளி தலைய ஆட்டிட்டாரு. கையில புடிக்கிறது மட்டும் வாங்கினாரு. ஏன் வாங்கினாரு தெரியுமா? சாயங்காலம் நாங்க வீட்டுக்குப் போறப்ப எங்க பையச் சோதிக்கிறதுக்கு! ரூமுக்கு வர்றவங்க மேல அத நீட்டக் கூடாது, நாங்கதானே திருடிங்க.

துண்டுக்கெல்லாம் தச்சு முடிச்சதும் அவருக்குக் கை நிக்கல. தலகாணிக்குத் தச்சாரு. எங்க யூனிஃபாரம் சேலைக்கும் அவரு யூனிஃபாரம் சட்டைக்கும் தச்சாரு. மிதியடி, கொடை, வெளக்குமாறு, ஒண்ணு பாக்கியில்ல. சாவிக்கொத்துக்கு ஒட்டினாரு, அது மட்டும் பேசல. இரும்புக்கு வேற சாதி டேக்கு வேணுமாம். தன்னோட எவர்சில்வர் டிபன் பாக்ஸுக்கு ஒட்டிப் பாத்துட்டு, அதுவும் பேசலேன்னதும் அவரு மூஞ்சி போன போக்கு இருக்கே! அன்னிக்குப் பூராவும் அந்த டிபன் பாக்ஸக் கையோடயே தூக்கிக்கிட்டு அலைஞ்சாரு. நாங்க அவருக்குக் கீங்கு சார்னு பேரு வச்சோம். அவருக்கும் தெரியும். அந்தப் பேரு எங்கெங்க புழங்குதுன்னும் தெரிஞ்சிருக்கும்.

ஆனா ஒண்ணு சொல்லணும். சாயங்காலச் சோதனைய அவரு செஞ்ச விதம். எல்லாரும் யூனிஃபாரத்த மாத்திட்டு, சொந்தத் துணியில வாசல்கிட்ட வரிசையா நிப்போம், உள்ளுக்குள்ள குமுறிக்கிட்டு. அவரு ரீடர என் கையில குடுத்துட்டு, சிலுவையில நிக்கிற மாதிரி ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு, "மொதல்ல என்னப் பாரும்மா"ம்பாரு. நான் பாக்கணும். மேலேருந்து கீழ வரைக்கும். சும்மா பேருக்கு நீட்டினா, "பின்னாடியும் பாரு"ன்னு திரும்பி நிப்பாரு. அதுக்கப்பறந்தான் எங்களப் பாப்பாரு. "உங்க மேல சந்தேகம் இல்லம்மா. இல்லேன்னு மிஷினும் சொல்லட்டும்." ஒரு நாள்கூட அவரு இத மறந்ததில்ல. ஒரு தடவை செல்வி, "நீங்க எதுக்கு சார்?"ன்னு கேட்டதுக்கு, "நான் மட்டும் என்ன மாதாவா?"ன்னாரு.

நாங்க அப்படி நிக்கிறப்பவே, எங்களுக்குப் பக்கத்துல, லாட்ஜுத் துண்ட இடுப்புல கட்டின ஒரு ஆளு சாயங்கால முங்குக்கு ஜாலியாக் குளத்துக்குக் கெளம்பிப் போவான். ரீடரு அவரு கையில தானாவே கீங்கும். "என்ன சார் அது, செல்போனா?"ன்னு ஒருத்தரு கேட்டாரு. "இல்லங்க, துண்டு"ன்னாரு இவரு. "ஆமா துண்டுதான், குளிச்சுட்டு வந்து தந்துர்றேன்." போனவரு புது வேட்டியோட வந்தாரு, நெத்தி நெறைய விபூதி, மூஞ்சில ஒரு தெளிச்சி. துண்டு எங்கன்னு கேட்டா, "ரூம்லயே வச்சுட்டேனே"ன்னு சாதிச்சாரு. பொய் சொல்ற ஆளாத் தெரியல. விட்டதப் பத்திப் பேசினா திரும்ப வந்து ஒட்டிக்கும்னு பயந்திருக்கலாம். முதலாளிக்கு அது வெல்லமாப் போச்சு. "பாத்தீங்களா? ரூம்ல வச்சேங்குறாரு. ரூமுக்குள்ள போனது யாரு?"

அடுத்த சனிக்கிழமை அவரு ரீடரத் தூக்கிக்கிட்டு நேரா குளத்தங்கரைக்கே போயிட்டாரு. முதலாளிக்கு வேடிக்கை, அவரும் கூடப் போனாரு. நானும் செல்வியும் பின்னாடி போனோம். அத்தன ஜனத்துக்கு நடுவுல, இன்ஷர்ட் பண்ணின ஒரு மனுஷன், ஈரத்துணித் தொட்டிக்கு நேரா துப்பாக்கிய நீட்டிக்கிட்டு நிக்கிறத நெனைச்சுப் பாருங்க. ஜனமெல்லாம் வெலகி வெலகிப் போச்சு. ரீடரு மூச்சு விடல. அந்தப் பக்கம் போய் நீட்டினாரு, குனிஞ்சு நீட்டினாரு. ஒரு சத்தம் இல்ல. முதலாளி வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. "எங்கய்யா உம்ம துண்டு? வேற எடத்துல இருக்கா?" செல்வி என் கையப் புடிச்சுக்கிட்டா.

அன்னிக்கு சாயங்காலம் பஸ்ஸுக்கு நிக்கிறப்ப, "விடுங்க சார். தலையெழுத்து. போனது போவட்டும்"னேன்.

அவரு ரோட்டப் பாத்துக்கிட்டே, "எங்கண்ணன் பிரான்ஸுக்குப் போனாம்மா. பிரெஞ்சுப் பட்டாளத்துக் குடும்பம், குடியுரிமைக் காகிதம் இருந்துச்சு, போயிட்டான். மொதல்ல கடுதாசி வந்துச்சு, அப்பறம் நின்னுபோச்சு. எங்கம்மா சாவுற வரைக்கும், எங்கடா அவன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க"ன்னாரு.

"அய்யய்யோ. என்ன ஆனாரு சார்?"

"ஒண்ணும் ஆவல. வேற எடத்துல இருக்கான்."

எனக்கு ஏன்டா கேட்டோம்னு ஆயிருச்சு. பஸ்ஸு வந்துச்சு. பையி, சாவி, கண்ணாடி, ஜெபமாலை, எல்லாத்தையும் தொட்டுப் பாத்துட்டு ஏறினாரு. பாதி வழியில திடீர்னு திரும்பி, "ஈரம்மா! ஈரத்துல பேசாது. தண்ணி ரேடியோ அலைய முழுங்கிரும். காயணும்"னாரு. பக்கத்துல உக்காந்திருந்த ஆளு எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போயிட்டான்.

காயுற எடம் எதுன்னு விசாரிச்சு, ஞாயித்துக்கிழமை பூசைய விட்டுட்டுக் கெளம்பினாரு. அவரு பூசைய விட்டு நான் கேள்விப்பட்டதில்ல. நானும் போனேன், என் பொழப்பு ஆச்சே. போலகத்துக்கு வெளியில வயல் ஓரமா ஒரு தகர ஷெட்டு. கொடி கொடியா துணி காயுது. காஞ்சத வெட்டி, மெக்கானிக் கடைக்கும் லாரி ஷெட்டுக்கும் கை தொடைக்கிற வேஸ்ட் துணியா அனுப்புறாங்க. இத்தன பேரோட ஏழரையும் கடைசியில கிரீஸ் தொடைக்கப் போவுதா! நான் கேட்டுக்கு இந்தப் பக்கமே நின்னுக்கிட்டேன். சாமி சத்தியமா ஒரு அடி உள்ள வைக்கல. அவரு உள்ள போய், காஞ்ச மூட்டைங்களுக்கு எதிர்ல நின்னு ரீடர நீட்டினாரு.

கீங். கீங். கீங். நிக்கவே இல்ல. அடுத்த மூட்டை, அதுவும். கொடியில காஞ்ச வேட்டிக்கு நடுவுலேருந்தும் ஒண்ணு கத்துச்சு. அங்க வேலை பாத்த பொம்பளைங்க கத்திரிக்கோல வச்சுட்டுப் பாத்தாங்க. அவரு மூஞ்சிய நான் அப்படிப் பாத்ததே இல்ல. கண்ணாடிய நெத்திக்கு ஏத்திக்கிட்டு என்னப் பாத்து, "எல்லாரும் இங்கதாம்மா இருக்காங்க"ன்னாரு. துண்டப் போயி எல்லாரும்ங்குறாரேன்னு எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. செல்வி பொழைச்சா. நாங்க அத்தன பேரும் பொழைச்சோம். அந்த நிமிஷம் அவரு காலுல விழுந்தாக்கூடத் தப்பில்ல.

அதோட வந்திருக்கலாம். எந்தத் துண்டு எங்க இருந்துச்சுன்னு மிஷின்ல பதிஞ்சாச்சு. செல்போன்ல படமும் புடிச்சாச்சு. ஆனா அவரு ஷெட்டுக்காரர்கிட்ட, "இதெல்லாம் லாட்ஜுப் பொருளு, எடுத்துக்கிட்டுப் போறேன்"னு சொல்றாரு. ஷெட்டுக்காரரு நல்ல மனுஷன். "தாராளமாங்க. ஆனா இது வரைக்கும் இதத் திரும்பக் கேட்டு யாரும் வந்ததில்ல"ன்னாரு.

நான் கேட்டுலேருந்து கத்தினேன். "சார், வேணாம் சார்! ஆதாரம் கெடைச்சிருச்சுல்ல? மூட்டைய விடுங்க. அது விட்ட துணி சார்!"

"எங்க இருக்குன்னு தெரிஞ்சப்பறம் எப்படிம்மா விட்டுட்டு வர்றது?"

அவருக்கு நெசமாவே புரியல. அந்த மூஞ்சியப் பாத்தா கோவிக்கவும் முடியல.

திங்கக்கெழமை காலையில லோடு ஆட்டோ லாட்ஜு வாசல்ல வந்து நின்னுச்சு. ஒருத்தரும் கை குடுக்கல, அவரே மூட்டைய ஒவ்வொண்ணா முதுகுல சுமந்துக்கிட்டு வந்து ரிசப்ஷன்ல எறக்கினாரு. அப்பறம் துணி ரூமுக்குப் போயி, தூசியான தன் சட்டைய ஆணியில மாட்டிட்டு, யூனிஃபாரம் சட்டையப் போட்டுக்கிட்டு, தலைய சீவிக்கிட்டு வந்தாரு. முதலாளி முன்னாடி மூட்டைக்கு நேரா ரீடர நீட்டினாரு. லாட்ஜே கீங்குச்சு.

"ஒண்ணுகூடத் தொலையலங்க. எல்லாம் குளத்துல விட்டது. இந்தப் பொம்பளைங்க ஒரு நூலு எடுக்கல."

செல்வி சேலைத் தலைப்பால வாயப் பொத்திக்கிட்டு விம்மினா. "நல்லா இருப்பீங்க சார், உங்க புள்ளகுட்டி நல்லா இருக்கும்"னு கும்புட்டா. கும்புட்டுக்கிட்டே பின்னாடி பின்னாடி நகர்ந்து செவுத்தோட ஒட்டி நின்னுக்கிட்டா. "ஆனா சார், அந்த மூட்டைய மட்டும் துணி ரூமுக்குக் கொண்டாந்துராதீங்க சார்."

மேலாக்கக் கெடந்த துண்டு மூலையில நீல நூல்ல முதலாளி பேரு தெரிஞ்சுது. அவரு அதையே பாத்துக்கிட்டு நின்னாரு. மெதுவாத்தான் அவருக்கு ஏறுச்சு. "அப்ப... இத்தன வருஷமா என் பேரு போட்ட துண்டு குளத்துல போய்க்கிட்டு இருந்திருக்கு."

"ஆமாங்க. பழசெல்லாம் வெட்டிட்டாங்களாம். டேக் தச்சது பூரா மீட்டாச்சு."

"அதான்யா!" முதலாளி கத்தினாரு. "அதான் எனக்கு எல்லாம் நல்லா நடந்திருக்கு! மாடி எடுத்தேன். பொண்ணக் கட்டிக் குடுத்தேன். என்னோடது எல்லாம் எனக்கே தெரியாம போய்க்கிட்டு இருந்திருக்கு! போனத மூட்டை கட்டிக் கொண்டாந்து என் வாசல்ல எறக்கிட்டீரேய்யா! எனக்கு இப்ப ஏழரை நடக்குதுய்யா!"

"நீங்கதானே எங்கன்னு கேட்டீங்க?"

"எங்கன்னுதான் கேட்டேன். கொண்டாரச் சொன்னேனா?"

சத்தம் கேட்டு மாடியிலேருந்து தங்கியிருந்த ஜனமெல்லாம் எறங்கி வந்துருச்சு. ஒரு குடும்பத்து அம்மா தோள்ல கெடந்த லாட்ஜுத் துண்டத் தேள் மாதிரி ஒதறினாங்க. "இதைத்தான் தொவைச்சு எங்களுக்குக் குடுக்குறீங்களா?"ன்னு கேட்டுட்டு, அப்பவே பொட்டியக் கட்டிட்டாங்க. அவங்களப் பாத்து இன்னொரு குடும்பம். முதலாளி லோடு ஆட்டோக்காரனக் கூப்பிட்டு மூட்டைய ஏத்தச் சொன்னாரு. "ஆணியில மாட்டியிருக்கே அந்தாளு சட்டை, அதுவும் மூட்டையத் தொட்டதுதானே, அதையும் போடு"ன்னாரு. அவரு சட்டை மூட்டையோட போயிருச்சு. அப்பறம் அவரப் பாத்து, "நீங்களும் கெளம்புங்க"ன்னாரு.

அவரு மேஜைய ஒழுங்கு பண்ணினாரு, பேனாவ அதோட எடத்துல வச்சாரு. வாசல்கிட்ட வந்து, ரீடர என் கையில குடுத்துட்டு, ரெண்டு கையையும் விரிச்சாரு.

"மொதல்ல என்னப் பாரும்மா."

"சார், இன்னிக்கு எதுக்கு சார்?"

"பாரும்மா."

நீட்டினேன். கீங்குச்சு. யூனிஃபாரம் சட்டை. அவரே தச்ச டேக்கு. முதலாளி அங்கேருந்து, "சட்டை போனாப் போவுது, விடும்மா, போவச் சொல்லு"ன்னாரு. "அது எப்படிங்க, லாட்ஜுப் பொருளு"ன்னுட்டு, இவரு ஒவ்வொரு பொத்தானாக் கழட்டினாரு. நான் மடிக்கிற மாதிரியே நாலா மடிச்சு மேஜை மேல வச்சாரு. தோளு பக்கம் ஓட்டை விழுந்த ஒரு பனியனு. "இப்பப் பாரு." பாத்தேன். சத்தம் இல்ல. பனியனோட எறங்கித் தெருவுல நடந்து போயிட்டாரு.

முதலாளி ஒரு பெருமூச்சு விட்டு, "அப்பாடா, விட்டுச்சு"ன்னாரு.

"அந்தச் சட்டைய எடுத்து உள்ள வை"ன்னேன் செல்விகிட்ட. அவ அசையல. "அது வந்துக்கா... சார் கழட்டிவிட்டுட்டுப் போன சட்டைக்கா." அடிப்பாவி! உம் மானத்தக் காப்பாத்தின மனுஷன் சட்டைடீ அது! வாய் வரைக்கும் வந்துருச்சு. ஆனா அவ கண்ணுல நெசமான பயம். நாங்க அப்படியே வளந்தவங்க, அவளை என்ன சொல்ல? நானே சட்டைய வாரி எடுத்துக்கிட்டு வெளியில ஓடினேன். என் கையில இருந்த ரீடரு கீங்கு கீங்குன்னு கத்திக்கிட்டே வந்துச்சு. ஒருத்தரும் என்னச் சோதிக்கல.

எனக்கு முன்னாடி பனியனோட போய்க்கிட்டு இருந்தாரு. மாலைக் கடைக்காரன் ஒருத்தன் அவரப் பாத்து, "என்னங்க ஐயா, குளிச்சு விட்டாச்சா? மாலை வாங்கிக்கிட்டுப் போங்க"ன்னு கூப்பிட்டான். அவரு நின்னு, கேள்விக்குப் பதில் சொன்னாரு. "விட்டாச்சுங்க."

நான் போய்ச் சேர்றதுக்குள்ள பஸ்ஸுல ஏறி சன்னலோரம் உக்காந்துட்டாரு. கழுத்துல ஜெபமாலை மட்டும். நான் சட்டைய நீட்டினேன். "போட்டுக்குங்க சார். தயவுசெஞ்சு. இப்படிப் போவாதீங்க."

"வெளியில போவுதுன்னு மிஷின்ல போட்டியாம்மா?"

"இல்ல சார்."

"அப்ப நான் எப்படி வாங்குறது? உள்ள கொண்டுபோயி வையி."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "உள்ள யாரும் தொட மாட்டேங்குறாங்க சார்!"ன்னேன். சொல்லிட்டு நாக்கக் கடிச்சுக்கிட்டேன். அவரு கண்ணாடிய நெத்திக்கு ஏத்திக்கிட்டு என்னப் பாத்தாரு. கையச் சட்டைப் பை இருக்குற எடத்துக்குக் கொண்டு போனாரு, அங்க பனியன்தான் இருந்துச்சு. பஸ்ஸு கெளம்பிருச்சு.

எங்க வேலை போவல. இப்ப முதலாளியே ரிசப்ஷன்ல மெல்லிசுத் துண்டு அடுக்கி விக்கிறாரு. பேரு கீரு ஒண்ணும் போடாத துண்டு. 'குளத்துல விடுறதுக்கு'ன்னு மேல ஒரு அட்டை. அமோகமா ஓடுது. லாட்ஜுத் துண்டு ஒண்ணுகூடக் கொறையறதில்ல. என்னமா மூளை பாருங்கன்னு பக்கத்து லாட்ஜுக்காரங்க முதலாளியப் புகழுறாங்க, அவரும் கேட்டுக்குறாரு. ரீடரு டிராயர்ல சார்ஜு எறங்கிக் கெடக்கு.

அவரு பாண்டிச்சேரிக்கு மக வீட்டோட போயிட்டாருன்னு கேள்வி. மாதா கோயிலுக்குப் பின்னாடி வீட்டுல வேற யாரோ இருக்காங்க. பாண்டியில எந்தத் தெரு, எந்த வீடுன்னு யாருக்கும் தெரியல.

சட்டை என்கிட்டதான் இருக்கு. தொவைச்சு இஸ்திரி போட்டு பீரோவுல வச்சிருக்கேன். என் வீட்டுக்காரருக்கு அதப் பாத்தாலே ஆவறதில்ல. போன வாரங்கூட, "எவனோ கழட்டிவிட்ட சட்டைய எதுக்குடி வீட்டுல வச்சிருக்க? பீடை, தூக்கித் தூர எறி"ன்னு கத்தினாரு.

"எறியலாம்"னேன். "நாளைக்கு அவரு என்னப் பாத்து, சட்டை எங்கம்மான்னு கேட்டா நான் என்ன சொல்றது?"